நாத்தனார் போட்ட புரோட்டீன்

நாத்தனாருக்குத் தம்பி மனைவியின் தலைமுடி பிடிக்காமல் போனது கல்யாணத்துக்கு மறுநாள் காலையிலேயே. குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்ற புதுப்பெண்ணைக் காலிலிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே போன நாத்தனாரின் கண், தலைக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது.

“இதுக்குள்ள சீப்பு போனா திரும்பி வருமா?” என்று கேட்டாள்.

புதுப்பெண் சிரித்துவைத்தாள். வந்த இடத்தில் முதல் நாளே வேறென்ன செய்வது? அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்குச் சுருட்டை என்று பெயர் விழுந்தது. மாமியார் கூப்பிடுவதும் சுருட்டை, புருஷன் கூப்பிடுவதும் சுருட்டை. கோபம் வந்தால் மட்டும் நாத்தனார் குருவிக்கூடு என்பாள்.

நாத்தனார் தெருமுனையில் பார்லர் வைத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: முடியை நேராக்குவது. எட்டு வருஷமாகக் கையில் சூடான பட்டையைப் பிடித்துக்கொண்டு, அந்த வட்டாரத்தில் வளைந்தும் நெளிந்தும் இருந்த எதையும் விட்டுவைக்காமல் இழுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்விட்டு வந்த பெண்கள் எல்லோரும் மழையில் நனைந்த மாதிரி ஒரே அச்சில் இருப்பார்கள். வீடு பக்கத்துத் தெருவில்தான் என்றாலும் சாப்பாடு பெரும்பாலும் தம்பி வீட்டில்தான். அதனால் சுருட்டையின் தலையைப் பற்றி ஒவ்வொரு வேளையும் ஒரு கருத்துச் சொல்ல அவளுக்கு வசதியாக இருந்தது.

சுருட்டை அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவளுக்குத் தன் முடியைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம், அது போதுமானதாகவும் இருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை அலசுவாள். ஈரம் இருக்கும்போதே கண்டிஷனர் தடவி விரலால் சிக்கெடுப்பாள். பழைய பனியன் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். மதியத்துக்குள் அது தானாகச் சுருண்டு, தானாக ஒரு வடிவத்துக்கு வந்துவிடும்.

அப்புறம் ஒரு வருஷம், யார் கண் பட்டதோ, நேர்முடியின் மவுசு போய்விட்டது. பார்லருக்கு வந்தவர்கள் கைப்பேசியில் சுருள்முடிக்காரிகளின் படங்களைக் காட்டி, “எனக்கு இயற்கையா என்ன முடியோ அதை வெளிய கொண்டு வாங்க” என்றார்கள். அந்த இயற்கையைத்தான் எட்டு வருஷமாகச் சுட்டுத் தீர்த்திருந்தாள் நாத்தனார். அவள் எங்கே போய் அதைக் கொண்டுவருவாள்? ஒவ்வொருத்தியாக நழுவினார்கள். ஒரு மாதம் முழுக்க நாத்தனார் வெறும் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. இணையத்தில் இரண்டு நாள் பயிற்சி ஒன்றில் சேர்ந்தாள். முதல் நாள், முடிக்குப் புரோட்டீன் ஏன் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அடிபட்ட முடியின் மேல்தோலில் ஓட்டை விழுந்திருக்கும், புரோட்டீன் போய் அந்த ஓட்டையில் உட்கார்ந்து அடைக்கும் என்றார்கள். அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பது இரண்டாம் நாள் பாடம். இரண்டாம் நாள் காலையில் இணைப்பு போய்விட்டது. சாயங்காலம்தான் வந்தது, கூடவே சான்றிதழும் வந்தது. அதற்குச் சட்டம் போட்டு மாட்டினாள். வாசலில் இருந்த ‘முடி நேராக்கும் நிலையம்’ பலகையைக் கழற்றிவிட்டு, ‘இயற்கைக் கூந்தல் பராமரிப்பு மையம்’ என்று புதுசு மாட்டினாள். சூட்டுப் பட்டைகள் அடி டிராயருக்குள் போயின.

பலகை வந்துவிட்டது. காட்டுவதற்கு ஒரு தலை வேண்டுமே! மாமியார் முடி ஈர்க்குச்சி. தம்பி தலையில் பேருக்கு நாலு முடி. அக்கம்பக்கத்துத் தலைகளை எல்லாம் அவளே பொசுக்கியாகிவிட்டது. சுற்றிச் சுற்றிப் பார்த்தால் மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் கையில் பழப்பையோடு வந்தாள். வந்தவள் நேராகச் சுருட்டையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“கண்ணு, உன் தலையில இருக்கறது எவ்வளவு பெரிய சொத்து தெரியுமா?”

“போன வாரம் வரைக்கும் குருவிக்கூடுன்னு சொன்னீங்களே, அக்கா?”

“இப்பவும் குருவிக்கூடுதான். இப்ப அதுக்குத்தான் கிராக்கி.”

சுருட்டை புருஷனைப் பார்த்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வந்து, வீட்டுக்கு வந்தால் எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்கப் பழகியவன். “அக்கா ஆசையா கேக்கறா, உனக்கும் நல்லதுதானே” என்றான். மாமியார் பழத்தை எடுத்துக் கழுவப் போனாள். முடியாது என்று சொல்ல இரண்டு நாள் முன்னாலேயே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். சுருட்டை தலையைக் கொடுத்தாள்.

முதலில் ‘முன்’ படம் எடுக்க வேண்டும் என்றாள் நாத்தனார். அதற்காக மூன்று நாள் சீப்புப் படக்கூடாது, தண்ணீர் படக்கூடாது, முடிந்தால் குப்புறப் படுத்துத் தூங்கச் சொன்னாள். மூன்றாம் நாள் ஜன்னலோரம் நிற்கவைத்து, “கொஞ்சம் சோகமா இரு” என்று சொல்லி எடுத்தாள். படத்தில் இருந்தவளைப் பார்த்தால் யாருக்கும் ஏதாவது உதவி செய்யத் தோன்றும்.

பிறகு தலையை அலசி, நாலு பாகமாகப் பிரித்துக் கவ்வி போட்டு, மஞ்சளாகக் குழகுழவென்று ஒன்றைப் பூசினாள். நனைந்த கம்பளி நாற்றம் அடித்தது. மேலே பிளாஸ்டிக் உறை, அதற்கு மேலே சூடேற்றும் தொப்பி. கால் மணி நேரத்தில் அந்தக் களிம்பு இறுகி, தலைமேல் யாரோ மண்சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஆனது. பேசினால் நெற்றித்தோல் இழுத்தது. அதனால் நாத்தனார் மட்டும் பேசினாள்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். அலசிக் காயவைத்தபோது முடி நன்றாகத்தான் இருந்தது. சுருள் ஒவ்வொன்றும் ஸ்பிரிங் மாதிரி தனித்தனியாக நின்றது. இழுத்துவிட்டால் துள்ளியது. சுருட்டையே கண்ணாடி முன்னால் இரண்டு தடவை போய்வந்தாள். ‘பின்’ படத்தில் சோகம் தேவைப்படவில்லை. அந்த இரண்டு படங்களும் ஆளுயரத்துக்குப் பெரிதாகிப் பார்லர் வாசலுக்கு வந்தன. பத்தே நாளில் நாற்காலிகள் நிறைந்தன.

அதோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை.

நாத்தனார் கண்டுபிடித்தது இதுதான்: முடி என்பதே புரோட்டீன், ஆகவே முடிக்குப் புரோட்டீன் எவ்வளவு போட்டாலும் தகும். மாதம் ஒரு முறை என்றது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆனது. பிறகு வாராவாரம். இடைப்பட்ட நாளுக்குப் புரோட்டீன் ஷாம்பு, புரோட்டீன் கிரீம், காலையில் அடிக்கப் புரோட்டீன் ஸ்பிரே. மாமியாரும் தன் பங்குக்குச் சளைக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று புதன்கிழமைகளில் இரண்டு முட்டையை உடைத்து மருமகள் தலையில் ஊற்றினாள். ஒருநாள் வெந்நீரில் அலசப்போய் முட்டை பாதி வெந்துவிட்டது. அதைச் சுருளுக்குள்ளிருந்து பொறுக்கி எடுக்கவே காலை முழுக்க ஆனது. மெக்கானிக்கையும் விடவில்லை. “இருக்கற நாலு முடியாவது பலமா இருக்கட்டும்டா” என்று அக்கா அவன் வழுக்கையிலும் பூசிவிட்டாள். அவன் தொப்பி மாட்டிக்கொண்டு அமைதியாகக் கிரிக்கெட் பார்த்தான்.

மூன்றாவது மாதம் சுருட்டையின் முடி சத்தம் போட ஆரம்பித்தது. தலையைத் திருப்பினால் காய்ந்த ஓலை மாதிரி சரசரவென்றது. சுருள்கள் துள்ளுவதை நிறுத்திவிட்டு, வைத்த இடத்தில் வைத்தபடி நின்றன. தலையணையிலும் தோளிலும் வேலை செய்யும் மேசையிலும் துண்டு துண்டாக முடி கிடந்தது. வேரோடு உதிர்ந்த முடி இல்லை. நடுவில் ஒடிந்த துண்டுகள்.

“அக்கா, முடி ஒடியுது.”

“ஒடியுதா? அப்ப புரோட்டீன் பத்தல” என்றாள் நாத்தனார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அந்த வாரம் இரண்டு தடவை பூசினாள். இன்னும் ஒடிந்தது.

“இன்னும் ஒடியுதுக்கா.”

“உன் வீட்டுத் தண்ணி சரியில்ல.”

“உங்க தெருவுக்கும் இதே தண்ணிதானே வருது.”

“நான் மனசுல எதையும் வெச்சுக்கறதில்ல. நீ கவலைப்படற. கவலைப்பட்டா எந்த மருந்தும் வேலை செய்யாது. நம்பிக்கையோட தலையைக் காட்டணும்.”

தண்ணீர், கவலை, அவள் வேலை பார்க்கும் இடத்துக் காற்று, அவள் அம்மா வழிப் பரம்பரை என்று ஒவ்வொன்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறி இறங்கின. களிம்பு டப்பா மட்டும் ஏறவே இல்லை.

சுருட்டை வேலை பார்த்தது ஒரு நூல் பரிசோதனைக் கூடத்தில். மில்கள் அனுப்பும் நூலை ஒரு இயந்திரத்தின் இரண்டு கவ்விகளுக்கு இடையில் மாட்டி, அறுகிறவரை இழுப்பது அவள் வேலை. எவ்வளவு பலத்தில் அறுந்தது, அறுவதற்கு முன்னால் எவ்வளவு நீண்டது என்று இயந்திரம் திரையில் காட்டும். பத்து வருஷமாக இதைச் செய்ததில் அவளுக்கு ஒரு விஷயம் மனப்பாடம். நல்ல நூல் இழுத்தால் கொஞ்சம் நீளும், விட்டால் திரும்பி வரும். நீளாமல் பட்டென்று போகிற நூல் பார்க்க எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தாலும் தறியில் நிற்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை, கறுப்பு மேசைமேல் கிடந்த தன் முடித்துண்டை அவள் வழக்கம்போல ஊதித் தள்ளப் போனாள். ஊதவில்லை. அதை எடுத்து விரலிடுக்கில் வைத்து இழுத்தாள். பட்.

பத்து வருஷமாக அடுத்தவன் நூலையே இழுத்துக்கொண்டிருந்தவளுக்கு, தன் தலையில் இருப்பதும் ஒரு நூல்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

உணவு இடைவேளையில் தன் முடி பத்து இழை எடுத்துக்கொண்டாள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு முடி வேண்டும். கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மாவுக்கும் நல்ல சுருள்முடி. கேட்டதும் அவர் சிரித்தார்.

“என் முடியா? எனக்கு எதுக்கும்மா அதெல்லாம். சோப்பு மிச்சம் இருந்தா சோப்பு, இல்லாட்டி வெறும் தண்ணி. எத்தனை வேணும், புடுங்கிக்கோ.”

இரண்டையும் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு இழையாகக் கவ்வியில் மாட்டி இழுத்தாள். துடைக்கும் அம்மாவின் முடி நீண்டது, நீண்டது, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வரை போய்த்தான் அறுந்தது. சுருட்டையின் முடி நீள யோசிக்கவே இல்லை. இயந்திரம் கிளம்பியதும் போய்விட்டது. பத்துக்குப் பத்தும் அப்படியே.

கூடத்து வழக்கப்படி அவள் அறிக்கை எழுதினாள். மாதிரி ஒன்று, மாதிரி இரண்டு, விறைப்பு, நீட்சி, முடிவு. கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடும்போது கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அவர் மனிதர்களைப் பற்றி எந்த அபிப்பிராயமும் சொல்லாதவர். நூலைப் பற்றி மட்டும் மனம்விட்டுப் பேசுவார்.

“இந்த ரெண்டாவது மாதிரி எந்த மில்லு?”

“அது... ஒரு புது இடம் சார்.”

“யாரோ கஞ்சியைக் கொட்டி ஊறவெச்சிருக்கான். விறைப்பு எக்கச்சக்கம், உயிரே இல்ல. இதை வெச்சு ஒரு கைக்குட்டைகூட நெய்ய முடியாது. திருப்பி அனுப்பச் சொல்லுங்க.”

சுருட்டை முகத்தைக் காட்டிக்கொள்ளாமல் தாளை வாங்கிக்கொண்டாள். கழிப்பறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள். அழும்போதே சிரிப்பும் வந்துவிட்டது.

மறுநாள் இரவு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அறிக்கையை நாத்தனார் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “என் முடியை மெஷின்ல சோதிச்சுப் பார்த்தேன் அக்கா. புரோட்டீன் அதிகமாயிடுச்சு. நீளவே மாட்டேங்குது. இனிமே வேண்டாம்.”

நாத்தனார் தாளைக் கையில் எடுத்தாள். உதடு அசைய வாசித்தாள். பாதியில் அவள் முகம் மலர்ந்தது.

“விறைப்பு, மிக மிக அதிகம்! அம்மா, பாத்தியா? மெஷினே சொல்லுது!”

“அக்கா, அது குறைன்னு எழுதியிருக்கு.”

“அதிகம்னு போட்டிருக்கு. அதிகம்னா குறையா? படிச்சவதானே நீ?”

“கீழ முடிவுன்னு இருக்கு பாருங்க.”

“கீழ எல்லாம் எதுக்கு? எவ்வளவு பெரிய விஷயம் செஞ்சிருக்க நீ!” என்று எழுந்து வந்து எச்சில் கையோடு சுருட்டையைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. மெக்கானிக் மட்டும் தாளை எட்டி வாங்கி முழுக்கப் படித்தான். படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

மூன்றாம் நாள் பார்லர் வாசலில் புதுப் பலகை. சுருட்டையின் ‘பின்’ படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில்: ‘ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது. விறைப்பு மிக மிக அதிகம்.’ அதற்குக் கீழே, வருகிற ஞாயிறு காலை நேரடி செயல்விளக்கம், அனைவரும் வருக.

வேலைக்குப் போகிற வழியில் அதைப் பார்த்த சுருட்டை நடைபாதையில் அப்படியே நின்றாள். ஆளுயரத்தில் அவளே அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்ச் சண்டை போடலாம் என்று நினைத்தாள். வாசல் வழியே பார்த்தால் மூன்று பெண்கள் தலையில் தொப்பியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், விறைத்த நெற்றியோடு. ஞாயிற்றுக்கிழமைக்குப் போவதென்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தாள். போய் என்ன செய்யப்போகிறோம் என்பது அவளுக்கே தெரியாது.

ஞாயிறன்று முப்பது பேர் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். நாத்தனார் பட்டுப் போன்ற மேலங்கி போட்டு, மைக்கைப் பிடித்திருந்தாள். நடுவில் சுழல் நாற்காலியில் சுருட்டை.

“இவ என் தம்பி பொண்டாட்டி” என்று ஆரம்பித்தாள் நாத்தனார். “கல்யாணமாகி வந்தப்ப இந்தத் தலை எப்படி இருந்துச்சுன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. இன்னைக்கு இவ முடி இரும்பு. நான் சொல்லல, மெஷின் சொல்லுது.”

கைதட்டல்.

“அக்கா, சீப்பு மட்டும் வேண்டாம்” என்றாள் சுருட்டை மெதுவாக.

“பயப்படாத. இரும்பு எங்கயாவது உடையுமா?” என்று மைக்கிலேயே பதில் சொல்லிவிட்டு, அகலப் பல் சீப்பை எடுத்து உச்சியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

மைக் பக்கத்தில் இருந்ததால் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. முறுக்கை உடைத்தால் வருகிற சத்தம். சீப்பு பாதியில் நின்றது. நாத்தனார் அதை வெளியே எடுத்தபோது, அதன் பற்களில் ஒரு கைப்பிடி சுருள் அப்படியே குலையாமல் வந்தது. உள்ளே போனால் திரும்பி வருமா என்று ஒருகாலத்தில் அவள் சந்தேகப்பட்ட தலையிலிருந்து, சீப்பு இப்போது முடியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. பத்துக் கைப்பேசிகள் படம் பிடித்துக்கொண்டிருந்தன. நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை.

முதல் வரிசையில் இருந்த கணக்கு டீச்சர் எழுந்தாள். வகுப்பில் நாற்பது பேரை அடக்கிய குரல்.

“எனக்கும் இதே மாதிரிதான் ஒடியுது. நான் ஸ்பிரே சரியா அடிக்கலைன்னு சொன்னீங்க.”

“எனக்குத் தண்ணி சரியில்லைன்னு சொன்னாங்க” என்றாள் இன்னொருத்தி.

“எனக்கு மாமியாரை நினைச்சுக் கவலைப்படறேன்னு சொன்னாங்க. நான் தனியாத்தாங்க இருக்கேன்!”

ஆளாளுக்குப் பேச, நாத்தனார் ஒரு கையில் சீப்பும் மறுகையில் மைக்குமாகத் திணறினாள். “ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். இது என்னன்னா... இவளுக்குப் புரோட்டீன்...” என்று இழுத்தாள்.

சுருட்டை எழுந்து மைக்கை அவள் கையிலிருந்து வாங்கினாள். பிடுங்க வேண்டியிருக்கவில்லை, கை தானாக விட்டுவிட்டது. முப்பது பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை. வேலையிடத்தில் புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னாள்.

“ஒரு முடி எடுங்க. தண்ணியில நனைங்க. ரெண்டு முனையையும் பிடிச்சு மெதுவா இழுங்க. கொஞ்சம் நீண்டு, விட்டதும் திரும்பி வந்துச்சுன்னா உங்க முடி நல்லாருக்கு, யாரும் அதுல எதையும் பூச வேண்டாம். பபுள்கம் மாதிரி நீண்டுக்கிட்டே போய்த் திரும்பி வராம அறுந்தா, புரோட்டீன் வேணும். நீளாமலே பட்டுன்னு போச்சுன்னா, இருக்கறதே அதிகம். நிறுத்திட்டு, வெறும் கண்டிஷனர் போட்டு ஈரம் கொடுங்க. அவ்வளவுதான்.”

பார்லரில் இருந்த எல்லாக் கிண்ணத்திலும் தண்ணீர் பிடிக்கப்பட்டது. முப்பது பெண்கள் ஜன்னல் வெளிச்சத்தில் ஆளுக்கொரு முடியைத் தூக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த காட்சியைத் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பட், பட், பட் என்று ஒவ்வொரு மூலையிலும். பத்தொன்பது பேருக்கு ஒடிந்தது. மாதம் தவறாமல் சாயம் பூசுகிற தையற்கடைக்காரிக்கு மட்டும் பபுள்கம் மாதிரி நீண்டது. “அப்ப எனக்கு வேணுமா?” என்று அவள் கூச்சத்தோடு கேட்டாள். “உங்களுக்கு வேணும்” என்றாள் சுருட்டை. அந்த அறையில் புரோட்டீன் தேவைப்பட்ட ஒரே தலைக்கு அதுவரை அது கிடைத்ததில்லை. தையற்கடைக்காரிக்கு அன்றைக்குத்தான் முதல் வரவு.

வீட்டில் இடி விழுந்த மாதிரி இருந்தது. மாமியார், “ஊரே சிரிக்குது, குடும்ப மானத்தை மைக்குல போட்டு உடைச்சிட்டியே” என்றாள். மைக்கைக் கொண்டுவந்தது யார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நாத்தனார் சோபாவில் சாய்ந்து, நெற்றியில் கை வைத்துக்கொண்டு, “நல்லது செஞ்சேன். தலைமேல தூக்கி வெச்சு ஆடினேன். அதுக்கு எனக்குக் கிடைச்ச மரியாதை” என்றாள்.

மெக்கானிக் தொண்டையைச் செருமினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வழக்கமாக அந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விடுவான்.

“அக்கா, நான் தினம் லிஃப்ட்டுக்கு இரும்புக் கயிறு மாட்டறேன். எட்டுப் பேரைத் தூக்கற கயிறு. அதுவே வளைஞ்சு கொடுக்கும். வளையலைன்னா மாட்ட மாட்டோம், ஆள் செத்துருவான். இவ முடி அதைவிட விறைப்பா இருக்கு. அந்தப் பேப்பரை நான் அன்னைக்கே படிச்சேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். தப்பு என் மேல.”

அந்த வீட்டில் அவன் தொடர்ந்து பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். சுருட்டைக்கு மனசு கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான். மூன்று மாதம் தொப்பி மாட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்ததற்கு இன்னும் கணக்குத் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் ஆண்கள் முடிவெட்டும் கடை ஒன்று காலியாக இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தாள். கடைக்காரர் ஒரு சுருளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

“எவ்வளவும்மா எடுக்கணும்?”

“எது வரைக்கும் உடையுதோ அது வரைக்கும்.”

பத்து நிமிஷத்தில் முடிந்தது. காதுக்கு மேலே இரண்டு விரல் அகலம் மிஞ்சியது. கழுத்துப் பின்னால் காற்றுப் பட்டது. கூடத்தில் துடைக்கும் அம்மா அவள் பிடரியைத் தடவிப் பார்த்து, “எங்க பையன் மாதிரி இருக்க” என்றார். கண்காணிப்பாளர் கவனிக்கவே இல்லை.

நாத்தனார் பதினாறு நாள் அந்த வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. பதினேழாம் நாள் வந்தாள். கையில் பழப்பை இருந்ததைப் பார்த்ததும் சுருட்டை நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பைக்குள் பழத்துக்கு மேலே ஒரு நீல டப்பா.

“கண்ணு, ஒண்ணு யோசிச்சேன்” என்றாள், நடுவில் எதுவுமே நடக்காத மாதிரி. “புரோட்டீன் அதிகமாகி முடி கெட்டுப்போனவங்க நிறைய பேர் இருக்காங்க, பாவம்.”

“இருக்காங்க. உங்க தெருவுலயே இருக்காங்க.”

“அதைத்தான் சொல்றேன். அவங்களுக்குன்னே ஈரப்பத சிகிச்சைன்னு ஒண்ணு ஆரம்பிக்கறேன். போர்டுக்குச் சொல்லியாச்சு. ‘முன்’ படத்துக்கு உன்...” என்றவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “ஐயையோ! எங்கடி முடி?”

“வெட்டிட்டேன்.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கெட்ட முடி இப்ப எவ்வளவு உபயோகம் தெரியுமா? இந்தத் தடவை உன்னைச் சோகமா நிக்கச் சொல்ல வேண்டியதுகூட இல்லையே!”

அவள் குரலில் உண்மையான துக்கம் இருந்தது. சுருட்டையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாத்தனார் முதலில் முறைத்தாள். பிறகு கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். அதை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“உண்மையைச் சொல்லவா? பார்லருக்கு யாரும் வர்றதில்ல” என்றாள் சின்னக் குரலில். “வர்றவங்களும் உன்னைத்தான் கேக்கறாங்க. அந்த இழுத்துப் பாக்கற பொண்ணு எங்கன்னு.”

சுருட்டை யோசித்தாள். பாவமாகவும் இருந்தது, பாவப்படுவதில் உள்ள ஆபத்தும் தெரிந்தது.

“ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம் வரேன். நான் இழுத்துப் பாக்கறேன். ஒண்ணும் வேணாம்னு நான் சொன்னவங்களுக்கு நீங்க ஒண்ணும் பூசக் கூடாது.”

“ஒண்ணுமே பூசாம எப்படி அனுப்பறது? ஒரு சொட்டு எண்ணெய்?”

“கூடாது.”

“வெறும் தண்ணி ஸ்பிரே?”

“அக்கா.”

“சரி, சரி. கோர்ட்டு மாதிரி பேசற.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். சுருட்டை ஜன்னலோரம் கிண்ணத்தோடு உட்கார்ந்து ஒவ்வொருவர் முடியாக நனைத்து இழுத்தாள். நாத்தனார் பின்னால் கைகட்டி நின்றாள். முதல் தலை நீண்டு திரும்பியது. ஒன்றும் வேண்டாம், போகலாம். இரண்டாவது தலையும் அப்படியே. மூன்றாவதுக்குக் கண்டிஷனர் போதும், அது வீட்டிலேயே இருக்கிறது. நாலாவதுக்கு மட்டும் புரோட்டீன், அதுவும் ஒரே ஒரு முறை. ஒவ்வொருத்தியும் நன்றி சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டும்போது நாத்தனார் முகத்தைப் பார்க்கவேண்டுமே, கைக்குழந்தையை வழியனுப்பி வைக்கிற தாய் மாதிரி இருந்தது. ஏழு பேர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வாக்கைக் காப்பாற்றினாள்.

எட்டாவதாக வந்தவள் கணக்கு டீச்சர். மூன்று வாரமாக எதையும் பூசாமல் இருந்ததில் அவள் முடி கொஞ்சம் நீள ஆரம்பித்திருந்தது. “நல்லா வருது, இப்படியே விட்டுடுங்க” என்றாள் சுருட்டை. டீச்சர் மகிழ்ச்சியோடு எழுந்து கைப்பையை எடுத்தாள்.

வாசல்வரை போனவளை நாத்தனார் ஓடிப்போய் மறித்தாள். டீச்சரின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தலையை விடுங்க டீச்சர், தலை நல்லாத்தான் இருக்கு. இந்த நகம் ஏன் இப்படி இருக்கு? நகமும் புரோட்டீன்தான், தெரியுமா?”